வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: துண்டா, திட்டா, எச்சமா?

அனைவருக்கும் வணக்கம். வால்பாறை எஸ்டேட் மேலாளர்களுக்கும் அங்குள்ள பள்ளிகளுக்கும் போகிற கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தேயிலை, காபி, யூகலிப்டஸ் என்று மலை முழுக்க மாறிய பிறகும் நடுநடுவே வெட்டாமல் தப்பிய மழைக்காடு இருக்கிறதே, அதைக் காப்பாற்றினால் தோட்டத்தில் பறவை வகை குறையாது என்பதுதான் விஷயம். அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்ட் ஃபிராக்மென்ட்', பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. 'காட்டுத்துண்டு' என்று போட்டேன், பார்த்தவர் "தோளில் போடுவதா?" என்று கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
– திருச்சி

'இறும்பு' இருக்கக் கவலை ஏன்? நிகண்டிலேயே குறுங்காடு என்று பொருள் உண்டு. இறுத்தல் என்றால் தங்குதல், ஆக மற்றதெல்லாம் போனபின் தங்கி நிற்பது இறும்பு. வியப்பைக் குறிக்கும் 'இறும்பூது' கூட இப்படித் தனித்து நின்ற காட்டைக் கண்டு வாய் பிளந்தவனிடம் பிறந்திருக்கும் என்பது என் நெடுநாள் துணிபு. இது பற்றி 2 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுவோர் கேட்கலாம்.
– மதுரை

மதுரை ஐயா, யாரும் கேட்கமாட்டார்கள் :) இறும்பு என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இரும்பு என்றுதான் படிக்கும். குறுங்காடும் ஆகாது, இப்போது மியாவாக்கி முறையில் மரங்களை நெருக்கமாக நட்டு வளர்ப்பதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'எஞ்சுகாடு' எப்படி? வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் காடு, மூன்று காலமும் அடக்கம். நடுவில் க் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.
– கோவை

எதிர்காலத்தையும் சேர்த்தது பேராசை ஐயா. எச்சக்காடு என்றால் என்ன? மிச்சம் என்ற பொருளும் வரும், பறவை எச்சத்தில் விழுந்த விதை முளைத்துத்தானே பாதிக் காடு உண்டாகிறது.
– தஞ்சை

தஞ்சை அம்மா, அழகான சொல்தான். ஆனால் வகுப்பில் நான் சொல்லிப் பார்த்தேன், அடுத்த கால் மணி நேரம் பாடம் நடக்கவில்லை.

நான் வால்பாறைக்காரன். எங்கள் பக்கம் அது சோலை. எஸ்டேட்டுக்குள் சின்னதாக இருந்தால் துண்டுச் சோலை. தோட்டத்து மரம் அதற்கு ஈடாகாது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம், தேயிலைக்கு நிழலுக்காக நட்டது, அவ்வப்போது கிளையைக் கழித்துவிடுவார்கள். பொந்து விழுகிற அளவுக்கு அதை யார் கிழடாக விடுகிறார்கள்? இருவாச்சிப் பறவைக்குக் கூடு வைக்கப் பெரிய மரத்துப் பொந்து வேண்டும், பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும், சேவல்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். சின்னான் குருவி எங்கும் பிழைத்துக்கொள்ளும், தீக்காக்கை என்ற காட்டுப் பறவை அடர்ந்த நிழலை விட்டு வெட்டவெளிக்கு வருவது அரிது. அதனால் தோட்டத்தில் எத்தனை வகை என்று எண்ணுவதோடு எந்த வகை என்றும் பார்க்க வேண்டும். அப்புறம், இருவாச்சி தோட்டத்து மரங்களிலும் வந்து இரை தேடும், ஆனால் பொந்தும் அத்தியும் பெரும்பாலும் துண்டுச் சோலையில்தான்.
– வால்பாறை

ஒரு திருத்தம். அறிவியலில் 'ஷோலா' என்பது நீலகிரி, பழனி மலை உச்சிகளில் புல்வெளிக்கு நடுவே மடிப்புகளில் வளரும் குட்டைக் காடு. வால்பாறை ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அங்குள்ளது மழைக்காடு. கலைச்சொல்லில் குழப்பம் கூடாது.
– சென்னை

நம் சொல்லை எடுத்துக்கொண்டுபோய்ப் பொருளைச் சுருக்கி, இப்போது நமக்கே பயன்படுத்த அனுமதி இல்லை என்கிறீர்களா? ஊருக்கு ஒரு சோலை இருந்த மொழி இது!
– மதுரை

மதுரையார் என் பக்கம் வருவார் என்று நினைக்கவே இல்லை.
– வால்பாறை

'மழைக்காட்டுத் திட்டு'? ஆற்று நடுவே மணல் திட்டு போலத் தேயிலை நடுவே காடு. திட்டு என்றால் வசவு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
– தஞ்சை

ஆரம்பிக்கத்தான் போகிறேன்.
– கோவை

மூன்று நாளாக 41 மடல். முதல் முறை வருமிடத்தில் 'துண்டுச் சோலை, அதாவது தோட்டத்துக்குள் எஞ்சிய மழைக்காடு' என்று விளக்கிவிட்டு, அப்புறம் துண்டுச் சோலை என்றே எழுதிவிட்டேன். படிக்கப் போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். சென்னையாரின் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். எல்லோருக்கும் நன்றி.
– திருச்சி

அடிக்குறிப்பில் 'ஷோலா' என்பதை எப்படி எழுதினீர்கள்? கிரந்த ஷ இல்லாமல் எழுதினால் அதுவும் சோலைதான், குறிப்புக்கே பொருள் இராது.
– சென்னை

எஞ்சுகாடு. பதிவுக்காகச் சொல்கிறேன்.
– கோவை