பந்தியில் பார்த்த ஆளைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளலாமா?

வணக்கம். 14 மாதமாக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பு) ஜூம் கூட்டத்துக்குப் போய்வருகிறேன். கேமரா கிடையாது, சொல்வதெல்லாம் முதல் பெயர் மட்டும்தான்.

போன வாரம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "ரசம் கொஞ்சம்" என்றார். குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. கூட்டத்தில் அழுதுகொண்டே பேசிய அதே குரல்! அந்தப் பக்கம் அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியுமோ என்னவோ. பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் அமைப்பு 1950இல் தனக்கான நெறிகளாக ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளை எடுத்துப் படித்தேன். பதினொன்றாவது பத்திரிகை, வானொலி, சினிமாவில் பெயர் வெளிவரக் கூடாது என்கிறது. பந்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. "இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்" என்பார்கள், சரி. ஆனால் குரலையே அடையாளம் கண்டுவிட்டால்?

அடுத்த மாதம் வளைகாப்பு, அவரும் வருவார். சித்தப்பா வேறு எல்லாரையும் இழுத்து அறிமுகப்படுத்துகிறவர். முன்கூட்டியே ஜூமில் அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பலாமா? அதுவே அவரைப் பயமுறுத்திவிடுமா? பேசாமல் நான் வேறு கூட்டத்துக்கு மாறிவிடுவதா? இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். ஊர் மட்டும் கேட்காதீர்கள்.