வரகுக்கோழி துள்ளல்: எவ்வளவு கிட்டே போகலாம், போகத்தான் வேண்டுமா?

டெலிமுத்து:
வரகுக்கோழி புல்வெளிப் பறவை. மழைக்காலத்தில் ஆண், பெட்டையைக் கவரப் புல்லுக்கு மேலே துள்ளும். மழை பிடித்ததும் ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கத்துச் சோன்காலியா, மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் பக்கத்துச் சைலானாவிலிருந்து அந்தத் துள்ளல் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கூடவே "எவ்வளவு கிட்டே போகணும்?" என்ற கேள்வியும். கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

600 மி.மீ. லென்ஸ், ஃபுல்ஃபிரேம் கேமரா, 40 மீட்டர் தூரம் என்றால் ஃபிரேமில் அடங்குவது 2.4 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். ஆண் பறவை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் எழும்பும். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் உச்சியில் தலை வெட்டுப்படும். 60 மீட்டரில் 3.6க்கு 2.4. முழுத் துள்ளலும் அடங்கும். சுமார் 45 செ.மீ. பறவைக்கு 45 மெகாபிக்சல் கேமராவில் ஆயிரம் பிக்சல் கிடைக்கும், அது தாராளம். கிட்டப் போனால் படம்தான் கெடும்.

ஷட்டர் 1/2500 நொடி, லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 6.3. ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விடாதீர்கள். பறவை புல்லிலிருந்து எழும்பியதும் பின்னணி வெளுத்த வானமாகிவிடும், கேமராவின் ஒளிமானி ஏமாந்து கறுத்த உடம்பைக் கரிக்கட்டையாக்கிவிடும். ஃபோகஸும் அப்படித்தான். தானாகத் தேடவிட்டால் முன்னால் ஆடும் புல்நுனியைக் கவ்வும். ஆண் பெரும்பாலும் அதே இடத்திலிருந்துதான் திரும்பத் திரும்பத் துள்ளும். அந்த இடத்தில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். 60 மீட்டரில் மூன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் தெளிவாக விழும்.

கரிசல்:
கணக்கில் பிழையில்லை. ஆனால் அதில் ஒரு பறவைதான் இருக்கிறது. அது துள்ளுவது புல்லுக்குள் எங்கோ நிற்கும் பெட்டைக்காக. பெட்டை மண்நிறம், உடம்பெல்லாம் கோடும் புள்ளியும், இடுப்பளவுப் புல்லில் 20 மீட்டரிலும் தெரியாது. உங்கள் வண்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

மொத்தப் பறவைகளே 1999 மதிப்பீட்டில் 3,500 சொச்சம், 2018இல் 700க்கும் கீழே. 2021இல் மிக அருகிய இனப் பட்டியலுக்கே போய்விட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே யாரும் லென்ஸோடு போக வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

பூநாரை:
வயலுக்குள் மறைவிடம் போட்டு முந்தின நாளே உட்கார்ந்தால்? ஒலி போட்டு வரவழைக்கிறார்களாமே?

டெலிமுத்து:
இரண்டும் கூடாது. ஒலி போட்டால் எதிரி ஆண் வந்துவிட்டதென்று நினைத்து இது துள்ளலை விட்டுத் தேடக் கிளம்பும். வயலுக்குள் மறைவிடம் என்றால் புல்லை மிதித்துத்தான் போக வேண்டும், முட்டை வெறுந்தரையில் கிடக்கும்.

வண்டி, ஏற்கெனவே இருக்கும் மண்பாதையைவிட்டு இறங்கக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னலில் பீன்பேக் (லென்ஸைத் தாங்கும் மெத்துப் பை) வைத்து எடுங்கள். அணைக்காவிட்டால் அதிர்வு ஒரு பக்கம், பானெட் சூட்டில் காற்று நெளிவது ஒரு பக்கம். மேகம் விலகி வெயில் ஏறினால் ஈரமண்ணிலிருந்து ஆவி கிளம்பும், அப்புறம் எந்த லென்ஸாலும் கூர்மை வராது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கரிசல் கேட்டதற்கு: வந்து நின்றதும் கேமராவைத் தொடாமல் பத்து நிமிடத் துள்ளலை எண்ணுங்கள். அடுத்த பத்தில் எண்ணிக்கை சரிந்தாலோ, பறவை கழுத்தை நீட்டி உறைந்து நின்றாலோ பின்வாங்க வேண்டும்.

கரிசல்:
முதல் பத்து நிமிடத்தை எண்ணும்போதே நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள். வண்டி வருவதற்கு முன் எத்தனை துள்ளியது? போகட்டும், ஆண் உங்களைப் பொருட்படுத்தவில்லை என்றே வையுங்கள். பெட்டை விலகிப் போனது அந்த எண்ணிக்கையில் தெரியாது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை துள்ளும் பறவைக்கு அத்தனை உழைப்பும் அந்த ஒரு வருகைக்காகத்தான்.

இன்னொன்று, 60 மீட்டர் ஒரு வண்டிக்குச் சரி. ஆறு வண்டி வந்தால் பாதையெல்லாம் வேலியாகிவிடும்.

டெலிமுத்து:
ஆறு வண்டி விஷயத்தில் மறுபேச்சில்லை. ஒரு ஆணுக்கு ஒரு வண்டி, அரை மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் முழுத் தடைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சோன்காலியாவில் பறவை நிற்பது பெரும்பாலும் விவசாயியின் உளுந்து, சோளக் காட்டை ஒட்டிய தரிசில். அந்தத் தரிசை உழாமல் விட, படமெடுக்க வருபவர்களின் காசு போல, அவருக்கு ஒரு காரணம் வேண்டாமா? சைலானாவில் பறவை இருக்கும் தகவலுக்கு வனத்துறையே பரிசு கொடுத்தது எதற்காக?

கரிசல்:
வனத்துறை காசு கொடுத்தது பறவை இருப்பதற்கு. வழிகாட்டிக்குக் காசு கிடைப்பது பறவையைக் காட்டுவதற்கு. இரண்டும் ஒன்றா? நேற்று பார்த்த ஆண் இன்று துள்ளாவிட்டால் வழிகாட்டி என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் கிட்டே ஓட்டுவார்.

பூநாரை:
எடுத்த படத்தைப் போடுவது? ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கி, மாவட்டப் பெயர் மட்டும் போட்டால் போதுமா?

டெலிமுத்து:
மாவட்டம் மட்டும். அதையும் செப்டம்பர் முடிந்த பிறகு.

கரிசல்:
பின்னணியையும் பாருங்கள். செல்போன் டவரும் செங்கல் சூளையும் ஒரே ஃபிரேமில் இருந்தால் ஜி.பி.எஸ். எதற்கு? உள்ளூர் ஓட்டுநர் படத்தைப் பார்த்தே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.