‘யாருடா இவங்க எல்லாம்?’: ஆடியோ நாடகம் கேனனா, உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலக்கோட்டான்:
கேனன் என்றால் ‘இது அதிகாரபூர்வமாக நடந்த கதை’ என்று ஏற்றுக்கொண்டது. ‘டாக்டர் ஹூ’ பிபிசி தொடர், நாயகன் டாக்டர் உருவம் மாறிக்கொண்டே இருப்பார். அதில் எட்டாவது டாக்டரை நாயகனாக டிவியில் 1996-இல் ஒரே ஒரு படத்தில்தான் பார்த்தோம். மீதி எல்லாம் 2001-இலிருந்து பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஆடியோ நாடகங்களில் கேட்டது. அது இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். போன பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டில் அக்காவுக்கு அவர் வரும் பிபிசி குறும்படம் ‘தி நைட் ஆஃப் தி டாக்டர்’ போட்டுக் காட்டினேன். எனக்கு டாக்டர் ஹூ பழக்கிவிட்டதே அவள்தான். 2005-க்குப் பிறகு டிவியில் வந்ததில் ஒன்று விடாமல் பார்த்தவள். உருவம் மாறுவதற்கான கோப்பையைக் குடிக்கும் முன் எட்டாவது டாக்டர் தன் ஆடியோ கதைத் தோழர்களின் பெயர்களைச் சொல்கிறார்: சார்லி, கெரிஸ், லூசி, டாம்சின், மாலி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அக்கா பாதி முறுக்கோடு திரும்பி, “யாருடா இவங்க எல்லாம்?” என்றாள்.

நிறுத்திவிட்டு விளக்கினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். “அப்ப நான் பாத்தது பாதிக் கதையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மிச்சத்தை இன்னும் பார்க்கவில்லை. பிபிசி படத்திலேயே பெயர் சொன்ன பிறகு அது கேனன்தானே?

ஓசூர் செகண்ட் ஷிஃப்ட்:
எனக்கு ஸ்டார் வார்ஸ். தருமபுரியில் ஒரு கல்லூரி க்விஸ், கடைசிக் கேள்வி, இரண்டு அணியும் சமம். வில்லன்களின் ராட்சத ஆயுத நிலையம் டெத் ஸ்டாரின் வரைபடம் எந்தக் கிரகத்தில் இளவரசி லேயா கைக்கு வந்தது? பஸ்ஸரை அடித்து “டோப்ராவா” என்றேன். 1981 ரேடியோ நாடகத்தில் அப்படித்தான். 13 பகுதி, நாயகன் லூக்காகப் படத்தில் நடித்த மார்க் ஹாமிலே பேசினார், உரிமையைப் படத்தை எடுத்த லூகாஸ் ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார். நடத்தியவர் சீட்டைப் பார்த்தார். “ஸ்காரிஃப்.” அப்படிச் சொல்லும் ‘ரோக் ஒன்’ படம் வந்த புதிது. 2014 ஏப்ரலில் பழைய நாவல், நாடகம் எல்லாவற்றையும் ‘லெஜெண்ட்ஸ்’ என்று பெயரிட்டுக் கேனனுக்கு வெளியே ஒதுக்கியதும் தெரியும், ஆனாலும் வாய் அதைத்தான் சொன்னது. பக்கத்தில் இருந்தவன் பார்த்த பார்வை இருக்கிறதே! பரிசு என்னவோ டிபன் பாக்ஸ்தான்.

2019-இல் வந்த, ஸ்டார் வார்ஸ் வில்லன் டூக்குவின் ஆடியோ நாடகம் மட்டும் கேனனாம். காதால் கேட்டது குற்றமில்லை, பழசாக இருப்பதுதான் குற்றம்.

மண்டிக்காரர் மகன்:
பாலக்கோட்டான், பெயர் சொன்னால் கேனனா? டாக்டரின் பரம எதிரி இனம் டாலெக். அடைத்து வைக்கப்பட்ட ஒற்றை டாலெக்கின் கதை 2003-இல் ‘ஜூபிலி’ என்று ஆடியோவில் வந்தது. அதே எழுத்தாளர் அதை மாற்றி எழுதி 2005-இல் டிவியில் ‘டாலெக்’ ஆனது. இரண்டும் நடந்ததா? பிபிசி இது கேனன், இது இல்லை என்று பட்டியல் போட்டதே இல்லை. இல்லாத ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

என் கதை சின்னது. மாங்காய் சீசனில் சந்தூர் பக்கம் லோடு ஏறும்போது காதில் இயர்போன், எடையைத் தப்பாக எழுதி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, அக்கா விஷயம். நேராக ‘ஸ்டார்ம் வார்னிங்’ ஆடியோவைப் போடுங்கள், சார்லி அறிமுகமாவது அதில்தான். 1930-இல் விழுந்த ஆர்101 ஆகாயக் கப்பலில் நடக்கும் கதை, முன்கதை ஒன்றும் தெரிய வேண்டாம். நடுவிலிருந்து ஆரம்பித்தால் உங்களைத்தான் திட்டுவாள். சேலம் பஸ்ஸில் கேட்கச் சொல்லாதீர்கள், தொப்பூர் இறக்கத்தில் ஏர் ஹாரனைத் தவிர எதுவும் காதில் விழாது. காய் நறுக்கும்போது கேட்கட்டும், கை வேலையில் இருந்தால்தான் காது கதையில் நிற்கும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவே கூடாது. பெரியம்மாவையும் உட்கார வையுங்கள். ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு, படம் பார்க்காமலே வசனம் ஒப்பித்த தலைமுறை அது. அவர்களிடம் போய்க் கேனனா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அரூர் எக்ஸ்பிரஸ்:
‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ என்ற விண்வெளி நகைச்சுவைக் கதை 1978-இல் ரேடியோவில்தான் பிறந்தது. நாவலும் டிவியும் பிறகு. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. யார் குடி முழுகிப்போனது?

பாலக்கோட்டான்:
மண்டிக்காரரே, நான் யோசனை கேட்கவில்லை. ஆனால் நேற்று ராத்திரி அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்: “லூசி செத்துருவாளாடா?” எதைக் கேட்கிறாள், எங்கே பிடித்தாள், தெரியவில்லை. ப்ளூ டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் போடவில்லை.