தேஜி வாசலும் சந்தைத் தெருக்களும்: சுவான்ஜோ போனவர்கள் எழுதுங்கள்

தெற்குவாசல்:
தேஜி வாசல், சீனாவின் பழைய துறைமுக ஊரான சுவான்ஜோவின் தெற்கு மதில்வாசல். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிறவர்கள் கோபுரத்தை எதிர்பார்க்கிறார்கள். கண்ணில் படுவது சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளமும் அதில் கல் வரிசைகளும். இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். 1230-ல் எழுந்து, 1352-ல் விரிந்து, 1948-ல் தீயில் போன வாசலின் அடித்தளம் அது. 2001-ல்தான் தோண்டி எடுத்தார்கள். அதைப் புரிந்துகொள்ள முதலில் வளைந்து போகும் கல்வரிசையைத் தேடுங்கள். வாசலுக்கு முன்னால் எதிரியை மடக்கக் கட்டிய வளைமதில் அது. அதை ஒட்டித் தாழ்ந்து கிடப்பது அகழி. இந்த இரண்டும் பிடிபட்டால் வழி எப்படி உள்ளே போயிற்று என்பது தானாகத் தெரியும்.

ஆனால் மனதில் நிற்பது எதிரே இருக்கும் தியன்ஹோ கோயில்தான். கடலோடிகளைக் காக்கும் தாய்த்தெய்வத்துக்கு 1196-ல் எழுப்பிய கோயில். எல்லோரும் முன்மண்டபத்து ஊதுபத்திப் புகையோடு நின்றுவிடுகிறார்கள். பின்னால் அம்மனின் பள்ளியறை மண்டபம் உண்டு. அதன் முகப்பில் பச்சை கலந்த கரிய கல்லில் இரண்டு தூண்கள். பக்கத்தில் உள்ள வெளிர் கருங்கல்லோடு ஒட்டவே இல்லை, செதுக்கு நம் கோயில் வேலை. இங்கே வந்த தமிழ் வணிகர்களின், இடிந்துபோன ஒரு கோயிலின் தூண் இன்னொரு தெய்வத்தின் கூரையைத் தாங்கி நிற்கிறது. அதன்மேல் யாரோ ஈரக் குடையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் காட்சி போகமாட்டேன் என்கிறது.

மிளகுக்கொடி:
வாசலைச் சுற்றிய தெருக்களில் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு கூழ்க்கட்டிகள் அக்கம்பக்கமாக விற்கும், இரண்டும் கண்ணாடிபோல் இருக்கும். ஒன்று ஷிஹுவாகாவ். நம் ராமநாதபுரம் கரையில் எடுக்கும் கடற்பாசிபோல ஒரு செம்பாசியைக் கழுவி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, துணியில் வடித்து உறையவிடுவார்கள். பிறகு துருவியால் நூல் நூலாகச் சீவி, தேன் கலந்த நீர் ஊற்றித் தருவார்கள். அழுத்திச் சீவினால் நூல் வராது, குழைந்துவிடும். மற்றது தூசுந்தொங். சேற்றுக் கடற்புழுவை வேகவைத்தால் அதிலிருந்து இறங்கும் பசையே ஆறியதும் உறைந்துவிடும். கூட எதுவும் சேர்ப்பதில்லை. சின்னக் குவளையில் வார்த்த வடிவத்தில், உள்ளே விரல் நீளப் புழுக்களோடு வரும். கிண்ணத்தின் மேல் ஊற்றுவதைப் பாருங்கள்: தேன்நீர் என்றால் பாசி, புளிக்காடி, பூண்டு, கடுகு என்றால் புழு. சைவக் குடும்பம் ஒன்றில் ஒரு பாட்டியின் கரண்டி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஊரின் பெரிய புத்தர் கோயிலான கையுவானிலேயே தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறதாமே?

கல்வெட்டுத்தேடி:
இல்லை. இதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாளான தவச்சக்கரவர்த்திகள், செகசை கான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் நலத்துக்காக, அவர் பர்மான்படி (அரசாணைப்படி), திருக்கதலீஸ்வரம் உடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளச் செய்த கல்வெட்டு அது. சுவான்ஜோவில் 1956-ல் கிடைத்தது. இருப்பது பக்கத்து நகரமான சியாமெனில், பல்கலைக்கழக மானுடவியல் அருங்காட்சியகத்தில். அடியில் ஒரு வரி சீன எழுத்து உண்டு. வளாகத்துக்குள் போக முன்பதிவு வேண்டும். கேட்டில் போய்க் கேட்டால் ஆகாது.

கையுவானில் பார்க்க வேண்டியவை வேறு. பெரிய புத்தர் மண்டபத்தின் முன்மேடை அடித்தளத்தில் எழுபதுக்கு மேற்பட்ட மனிதமுகச் சிங்கங்கள். கும்பிட நிற்பவர்கள் மறைப்பார்கள், குனிந்தால்தான் தெரியும். அதே மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. நரசிம்மர் இரணியனைக் கிழிப்பதும், கண்ணன் கோபியர் சேலையோடு மரத்தில் இருப்பதும் அங்கேதான். மண்டபம் தெற்குப் பார்த்தது, பின்பக்கம் நேர் வெயில் விழாது. படத்தில் செதுக்கு தட்டையாகிவிடுகிறது என்று புலம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான். சீனச் சந்திர மாதம் ஒவ்வொன்றிலும் 26-ஆம் நாள் போகாதீர்கள். அன்று வழிபாட்டுக் கூட்டம், தூண் பக்கம் நிற்கவே முடியாது.

தெற்குவாசல் "இடிந்துபோன கோயில்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டார். கல் எங்கெல்லாம் போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். மங்கோலியர்களின் யுவான் ஆட்சியின் கடைசியில் 1357 முதல் 1366 வரை ஊரில் கலகம். அதன் பிறகு வந்த மிங் அரசர் காலத்தில் அயல்நாட்டார் கோயில்கள், பள்ளிவாசல்கள், கல்லறைகளின் கல் எல்லாம் மதிலுக்குள் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை திரும்ப வெளியே வந்தன. ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அலைந்து அலைந்து அவற்றைச் சேர்க்காவிட்டால் பாதி துவைகல்லாகியிருக்கும். கடல்வணிக அருங்காட்சியகத்தில் இன்று நிற்பவற்றில் அவர் சேர்த்தவை ஏராளம். திங்கட்கிழமை அது மூடியிருக்கும்.

காலைக்கடை:
மிளகுக்கொடி புழுவைப் பற்றி எச்சரித்துவிட்டு மியன்சியன்ஹூ என்ற காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். சைவக்காரர்கள் உண்மையில் ஏமாறுவது அதில்தான். பார்த்தால் வெறும் சேமியாக் கஞ்சி. மெல்லிய கோதுமை நூல், சர்க்கரைவள்ளி மாவு போட்டுக் கெட்டியாக்கிய சாறு. ஆனால் அந்தச் சாறே பன்றி எலும்பிலும் சிப்பியிலும் இறங்கியது. மேலே போடுவதை மட்டும் வேண்டாம் என்றால் போதாது. சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே போங்கள். நேரம் ஆக ஆக நூல் சாற்றைக் குடித்து ஊதிக் கட்டியாகிவிடும். மிளகுப்பொடி தூவாமல் சாப்பிட்டால் அது முழுமை இல்லை. 1974-ல் ஊருக்கு வெளியே ஹோஜு துறையில் தோண்டிய, யுவானுக்கு முந்தைய சோங் அரசர் காலக் கப்பலிலும் மிளகு இருந்தது. கையுவான் கோயில் வளாகத்தில் அந்தக் கப்பல் இருக்கிறது, பாருங்கள்.

சைவம் வேண்டுமென்றால் சந்திர மாதம் 1, 15 தேதிகளில் போங்கள். அன்று ஊரில் பலர் சைவம்.

பயணக்கணக்கு:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சுவான்ஜோ, சுவான்ஜோ கிழக்கு, சுவான்ஜோ தெற்கு என்று மூன்று அதிவேக ரயில் நிலையங்கள், ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர். கிழக்கும் தெற்கும் 2023-ல் திறந்தவை. பழைய பயணக் குறிப்புகளில் அவை இருக்காது. டிக்கெட் எடுக்கும்போது பெயரின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். காகிதச் சீட்டு வேண்டியதில்லை, பாஸ்போர்ட்தான் சீட்டு. தானியங்கிக் கதவு அதை எடுக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள்.

பணம்: அலிபே என்ற சீனப் பணச் செயலியில் வெளிநாட்டு அட்டையைக் கிளம்புமுன் நம் ஊரிலேயே இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். இனிஷியல் முன்னால் போடும் நம் பழக்கத்தால்தான் பாதிப் பேருக்குச் சரிபார்ப்பு தடுக்கி நிற்கிறது. ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். தள்ளுவண்டிக்காரர் நீட்டும் QR குறியீடு கடைக் கணக்காக இல்லாமல் சொந்தக் கணக்காக இருந்தால் வெளிநாட்டு அட்டை வேலை செய்யாமல் போகலாம். அதற்கு 10, 20 யுவான் தாள்கள் கையில் இருக்கட்டும்.

தெற்குவாசல்:
தியன்ஹோ பள்ளியறைத் தூண்களைப் படம் எடுத்தவர்கள் இருந்தால் அடிப்பகுதியோடு போடுங்கள். எல்லாப் படத்திலும் மேல்பாதிதான் வருகிறது. அடிக்கல்லும் தூணும் ஒரே கல்லா என்று பார்க்கவேண்டும்.