காரைக்குடியிலிருந்து காரில் முதுமலை, பந்திப்பூர், கபினி காடுகளுக்கு: போய் வந்தவர்கள் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள்

காரைக்குடி

ரூட் போடுவதற்கு முன்னால் காட்டு ரோட்டின் கேட் மூடும் நேரத்தைப் பாருங்கள். முதுமலையில் தெப்பக்காடு வழியாக பந்திப்பூர் போகும் ரோடு இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 2009-லிருந்து இதே நடைமுறைதான். யாரிடம் கேட்டும் பயனில்லை, திரும்பிப் போய் கூடலூரில் தங்க வேண்டியதுதான். அதனால் பயணக் கணக்கைக் கடைசியிலிருந்து போடணும். பிற்பகல் 3 மணிக்குத் தெப்பக்காட்டில் இருக்கணும் என்றால் காரைக்குடியில் அதிகாலை 4 மணிக்கே வண்டி நகர்ந்திருக்கணும்.

திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் சுமார் 110 கிலோமீட்டர். பிறகு ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம். கோவை ஊருக்குள் நுழையாதீர்கள். சோமனூர், கருமத்தம்பட்டி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடலாம். அங்கிருந்து குன்னூர், ஊட்டி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு. மசினகுடி வரை மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர் வரும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியாக முப்பதே கிலோமீட்டர் என்று மேப் காட்டும். அதை நம்பி இறங்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, கடும் சரிவு. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிகளைத்தான் இறங்க விடுவார்கள். நம்ம வண்டியைத் தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு மணி நேரம் வீண். திரும்பி வரும்போது அதே ரோட்டில் ஏறி வரத் தடையில்லை.

இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2024 மே 7-லிருந்து நீலகிரிக்குள் எந்தப் பக்கம் நுழைந்தாலும் அது கட்டாயம். பந்திப்பூர் பக்கமிருந்து திரும்பினாலும் கேட்பார்கள். 2025 ஏப்ரலில் சீசனுக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. முதல் நாள் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காமல் போகும்.

தேவகோட்டை, ஒர்க்‌ஷாப்

அண்ணன் ரூட்டைச் சொல்லிவிட்டார், நான் வண்டியைச் சொல்கிறேன். நம்ம ஊர் ரோடெல்லாம் சமதளம். பிரேக் பலவீனமாக இருந்தாலும் இங்கே ஓட்டும்போது தெரியவே தெரியாது. ஊட்டியைத் தாண்டி நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்கும்போதுதான் தெரியும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, அப்புறம் 140. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தால், சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரில் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். பேட் புதிதாக இருந்தாலும் அந்த நேரத்தில் வண்டி நிற்காது. ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முந்தின வாரமே மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் லைனிலும் சிக்கிய காற்றை எடுத்துவிடுங்கள். முன் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதையும் மாற்றணும்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசியில் முதலாவது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றணும். வெறும் டி-யில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக் மேல்தான்.

தீய்ந்த வாடை வந்தால் சமமான, அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கியரில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, அரை மணி நேரம் விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும், சில நேரம் வெடிப்பும் விடும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி பைக்கில் வருகிறவர் உயிர் அதில் இருக்கிறது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற வண்டிகள் நம்ம பக்கம் நிறைய. உப்பு படிந்து குழாய் அடைத்திருக்கும். சமதளத்தில் தாங்கும், குன்னூர் ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போகும். முழுதாக வடித்துவிட்டு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் ஆள் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு போட்டிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கணும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

பள்ளத்தூர்

தம்பி, எலக்ட்ரிக் வண்டிக்கு என்ன?

தேவகோட்டை, ஒர்க்‌ஷாப்

ஆச்சி, ஊட்டியில் பேட்டரியை 100 வரை ஏற்றாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது, ரீஜென் (மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் எடுப்பது) பிடிக்காது, பிரேக்கை நம்ப வேண்டி வரும். எண்பதோடு நிறுத்தினால் போதும்.

பள்ளத்தூர்

சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு நீலகிரிக்குள் போக முடியாது, செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொண்டு அபராதமும் போடுவார்கள். எவர்சில்வர் தூக்கிலும் கூஜாவிலும் கொண்டு போங்கள். புளியோதரை, தேன்குழல், சீடை கெடாது. பலாப்பழம், வாழைத்தார் மட்டும் வண்டியில் வேண்டாம். அந்த வாசம் யானைக்கு எட்டும், குரங்குக்கு அதைவிட முன்னால் எட்டும். காட்டு ரோட்டில் எதற்கும் தீனி போடாதீர்கள், பிள்ளைகள் கேட்டாலும்.

கண்டனூர்

கபினி போகிறவர்களுக்கு ஊட்டி ரூட் சுற்று. புதுக்கோட்டை, திருச்சி, கரூர், ஈரோடு, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர், குண்டலுப்பேட்டை வழியாகப் போகலாம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி. ஐகோர்ட் உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து அங்கேயும் இரவுத் தடை உண்டு. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை, சரக்கு லாரிகளுக்கு மாலை 6 முதல். மாலை ஐந்து மணிக்கு மேல் பண்ணாரியில் ஏறினால், தடை தொடங்கும் முன் தாண்டப் பார்க்கும் லாரிகளோடு வளைவில் மாட்டுவீர்கள். காலையில் ஏறுவதே நல்லது.

ஆசனூருக்கு அருகில் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்குக் காத்து நிற்கும். முன்னால் கரும்பு லாரி போனால் ஒட்டிப் போகாதீர்கள், பின்வாங்க இடம் விட்டே போங்கள். யானை லாரியை மறித்தால் அது சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் நகர முடியாது.

ஒரே நாளில் கபினி போய் மாலை சஃபாரி பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சஃபாரி 3, 3.30 வாக்கில் கிளம்பிவிடும். முந்தின இரவு சத்தியமங்கலத்திலோ குண்டலுப்பேட்டையிலோ தங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கபினி அணைத் தண்ணீர் இறங்கி, கரையில் புல் முளைத்து, யானைக் கூட்டம் இறங்கும். நம்ம பிள்ளைகளின் லீவும் அப்போதுதான்.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் கர்நாடக வரியைக் கட்டிவிட்டுத்தான் எல்லையைத் தாண்டணும்.

திருப்பத்தூர்

ரோட்டில் யானை நின்றால் செய்ய வேண்டியது பற்றி. தெப்பக்காடு–மசினகுடி ரோட்டில் இது தினமும் நடக்கிற விஷயம்.

ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன், லைட் அடிப்பது, ஆக்சிலேட்டரை முறுக்குவது எதுவும் கூடாது. எஞ்சின் ஓடட்டும். பின்னால் வண்டி ஒட்டி நிற்காமல் கை காட்டுங்கள், ரிவர்ஸ் எடுக்க வழி இருக்கணும். குட்டி ரோட்டுக்கு ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் நடுவில் புகவே கூடாது. காது மெதுவாக அசைந்தால் அமைதியாக இருக்கிறது. அசைவு நின்று, காதை விரித்து, தலையை உயர்த்தி, மண்ணைக் காலால் தட்டினால் எச்சரிக்கை, அப்போதே மெதுவாகப் பின்வாங்கணும். காதைப் பின்னால் ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு வந்தால் அது மிரட்டல் இல்லை, நிஜம். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானை தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம், தூரத்திலேயே திரும்பிவிடுங்கள்.

புள்ளிமான் ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னும் நாலு வரும், உடனே கிளம்பாதீர்கள். காட்டெருமையைக் காட்டுக்குள் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் அந்தி நேரத்தில் அசையாமல் நிற்கும். லைட்டை டிம் செய்து வழி விடுங்கள்.

கீழச்சிவல்பட்டி

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதை எல்லாரும் கவனிக்கணும். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானை வழித்தடம். அங்கே அரசு அறிவித்த வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து எரியும் டயரை யானை மேல் எறிந்து, அது இறந்தது. அனுமதி இல்லாத இடத்தில் தங்கி நம்ம பணத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். முன்பதிவுக்கு முன் உரிமம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். "நைட் சஃபாரி" என்று ஜீப் கூப்பிட்டால் அது சட்டவிரோதம். முதுமலையில் வனத்துறை வண்டியில் மட்டும்தான் சஃபாரி, தெப்பக்காட்டில் டிக்கெட்.

கிளம்பும் முன் சஃபாரி ஓடுகிறதா என்று போன் செய்யுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் வந்தால் முதுமலையை மூடுவார்கள். 2025 நவம்பரில் புலி தாக்குதல்களுக்குப் பிறகு பந்திப்பூரிலும் கபினி இருக்கும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்தினார்கள்.

காரைக்குடி

திரும்புகிறவர்களுக்கு: சீசனில் மேட்டுப்பாளையம்–ஊட்டி ஒருவழி. ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. கல்லட்டியில் ஏறி வந்தால் ஏசியை நிறுத்திவிட்டு முதல் கியரிலேயே ஏறுங்கள், முள்ளைப் பார்த்துக்கொண்டே.