இடுப்பு வலி: ஊசிக்கு முன்னாடி கை பழகணும்

வணக்கம். இடுப்பு வலிக்கு ஊசி வைத்தியம் (அக்குபங்சர்) பத்தி எல்லாரும் எழுதுனத படிச்சேன், நானும் என் அனுபவத்த சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க. நான் மலேசியால சுங்கை சிப்புட், தோட்டத்துல பொறந்து வளந்தவ. அம்மா பால் மரம் வெட்டுனாங்க, அப்பா செம்பனைல குலை வெட்டு. ஒரு குலை 20 கிலோ தாண்டும், அத நாள் முழுக்க தூக்கித் தூக்கிப் போட்டு அவருக்கு நாப்பத்தஞ்சு வயசுலயே இடுப்பு போச்சு. எங்க லயத்துல ராத்திரி ஆனா கோடாலி தைலம் வாசம் வராத வீடே கிடையாது.

பிள்ளைங்க பெரிசான பிறகுதான் எனக்கு நேரம் கிடைச்சுது. ஈப்போல ஒரு சின்சே, அதான் சீன வைத்தியர், அவர் கிட்ட ஊசி வைத்தியம் கத்துக்க சேந்தேன், வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ்ல போய் வந்து, மலாய்லதான் பேச்சு. நம்ம நாட்டுல பாரம்பரிய மருத்துவத்துக்குன்னே 2016ல தனிச் சட்டம் வந்துருச்சு, வைத்தியம் பாக்குறவங்க பதிவு பண்ணணும், அதனால நீ ஊசி குத்துறதுன்னா என் கண் முன்னாடி மட்டும்தான்னு மொத நாளே சொல்லிட்டாரு.

மூணு மாசம் ஊசியே கைல குடுக்கல. தொட்டுப் பாரு, பெலான் பெலான் (மெதுவா மெதுவா), அவ்ளோதான். ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு மேல் விளிம்புல கைய வெச்சு கட்டைவிரல நேரா முதுகுத்தண்டுக்கு கொண்டு வந்தா நாலாவது இடுப்பு முள்ளெலும்பு கிட்ட வரும், அங்கருந்து மேல எண்ணி ரெண்டாவது எலும்புக்குப் போய், அதுக்குக் கீழ நடுவுலருந்து ஒன்றரை சுன் பக்கவாட்டுல தள்ளுனா ஷென்ஷு. இடுப்பு வலிக்கு ஊசி போட அதிகமா எடுக்குற புள்ளி அது. சுன்னுங்கறது அளவு, படுத்திருக்கறவரோட கட்டைவிரல் அகலம் ஒரு சுன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேத்து வெச்சா ஒன்றரை. அவரோட விரல், நம்ம விரல் இல்ல! அப்பா கை முறம் மாதிரி இருக்கும், என் கை சின்னது, ரெண்டு வாரம் என் விரலாலயே அவர அளந்துட்டு இருந்தேன், எல்லாப் புள்ளியும் உள்பக்கமா வந்து விழுந்துச்சு.

சீனத்துல ஒரு பழைய பாட்டு வரி இருக்காம், இடுப்புக்கும் முதுகுக்கும் வெய்சோங்க தேடுன்னு. முழங்கால் பின்னாடி மடிப்புக்கு நட்ட நடுவுல இருக்குற புள்ளி. வீட்டுக்கு வந்து அப்பாவ குப்புறப் படுக்க வெச்சு அங்க மெதுவா விரல வெச்சேன், கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்துச்சு. இத்தன வருஷம் இடுப்புலயே தைலம் தேச்சோம், காலை யாருமே தொட்டுப் பாக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு "அங்கதான்மா"ன்னாரு. வலி போயிருச்சுன்னு சொல்ல வரல, ஆனா அன்னிக்கு ராத்திரி சிரமமில்லாம புரண்டு படுத்தாரு.

ஊசி பிடிச்சது ஆரஞ்சுப் பழத்துல, அப்புறம் என் சொந்தக் கால்ல. கால் மில்லிமீட்டர் தடிப்பு, 40 மில்லிமீட்டர் நீளம், ஒரு தடவ போட்டா தூக்கிப் போட்டுடணும். சரியா இறங்குனா சுருக்குன்னு வலிக்காது, கனமா, உள்ளுக்குள்ள யாரோ இழுக்குற மாதிரி இருக்கும், அதத்தான் தெச்சின்னு சொல்றாங்க. ஷென்ஷுல ஆழமா போகக் கூடாது, உள்ள கிட்னி இருக்கு. மேல் முதுகுல இன்னும் பயம், நுரையீரல்ல குத்திட்டா காத்து கசியும்.

நான் இங்க முக்கியமா சொல்ல வந்தது வேற. ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தாரு, இடுப்பு வலி ரெண்டு காலுக்கும் இறங்குதுன்னு. நான் ஊசியெல்லாம் எடுத்து அடுக்கிட்டேன். சின்சே அவர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, இன்னிக்கு ஒண்ணுக்கு சரியா போச்சான்னு. காலைலருந்து போகலன்னாரு, உக்காருற எடம் மரத்துப் போன மாதிரி இருக்குன்னும் சொன்னாரு. சின்சே அவர தொடக்கூட இல்ல, உடனே கார்ல ஏத்தி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்பிட்டாரு. முதுகுத்தண்டு அடில இருக்குற நரம்புக் கொத்து நசுங்கி இருந்துச்சு, அன்னிக்கே ஒப்ரேஷன். நான் ஊசி போட்டு அரை மணி நேரம் படுக்க வெச்சிருப்பேன். இப்பவும் நினைச்சா வயித்த கலக்குது. இப்ப யார் வந்தாலும் மொதல்ல அதக் கேப்பேன், அப்புறம் பாதம் தூக்க முடியுதா, காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சுதா, முன்னாடி புற்றுநோய் வந்துச்சா.

ஜெர்மனில நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேர வெச்சு பண்ண ஆராய்ச்சி 2007ல வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு பாத்தா முறையா ஊசி போட்டவங்கள்ல 47.6 சதவீதம் பேருக்கு நல்லாச்சு, புள்ளி இல்லாத எடத்துல மேலாப்புல குத்துனவங்கள்ல 44.2, வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவங்கள்ல 27.4. சரியான புள்ளில குத்துனதுக்கும் இல்லாத எடத்துல குத்துனதுக்கும் பெரிசா வித்தியாசமே இல்ல. மொத தடவ படிச்சப்ப மனசு விட்டுப் போச்சு, இவ்ளோ நாள் விரல் விரலா அளந்தது எதுக்குன்னு. சின்சே கிட்ட காட்டுனேன். அவர் கோவப்படல, அப்ப ஆள தொட்டு, கேட்டு, நேரம் குடுக்குறதுல எவ்ளோ இருக்குன்னு பாருன்னாரு. நானும் அப்படித்தான் நம்புறேன்.

* * *

அக்கா, நான் லோரி ஓட்டுறேன், ரெண்டு வருஷமா வலி, பெல்ட் கட்டிட்டுத்தான் ஓட்டுறேன். சின்சே கிட்ட போனா காசு நிறைய ஆகுமேன்னு யோசிக்கிறேன். நீங்க சொன்ன மாதிரி வீட்டுக்காரிய விட்டு முழங்கால் பின்னாடி அமுக்கலாமா?

* * *

அமுக்கலாம் தம்பி, மெதுவா. ஆனா கால் வீங்கி ஒரு பக்கம் மட்டும் சூடா, வலியா இருந்தா தொடவே கூடாது, ரத்தக்கட்டா இருக்கலாம், டாக்டர பாருங்க. வீட்டுக்காரிய கட்டைவிரலால போட்டு அழுத்த வேணாம்னு சொல்லுங்க, அவங்க விரல் மூட்டு கெட்டுப் போகும். குண்டிச் சதைக்கு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்குற கைப் பகுதிய வெச்சு உடம்பு பாரத்த சாச்சா போதும், வண்டில உக்காந்தே இருக்குறவங்களுக்கு அங்கதான் இறுகிப் போயிருக்கும். பெல்ட்ட உலக சுகாதார நிறுவனம் 2023ல குடுத்த வழிகாட்டில நாள்பட்ட இடுப்பு வலிக்கு வேணாம்னே சொல்லிருக்கு. ஊசி, உடம்பு பிடிக்கிறது, உடற்பயிற்சி இதெல்லாம் பண்ணலாம்னு அதுலயே இருக்கு. காசுக்கு யோசிக்காதீங்க, பினாங்குல கெப்பாலா பத்தாஸ் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில 2007லயே பாரம்பரிய வைத்தியப் பிரிவு தொறந்தாங்க, வேற சில கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் இருக்கு. உங்க கிளினிக் டாக்டர் கிட்ட அங்க அனுப்புறதுக்கு லெட்டர் கிடைக்குமான்னு கேளுங்க. கால் ரெண்டும் மரத்துப் போகுதா உங்களுக்கு? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க.