பட்டின் சரசரப்பு

எம்.ஏ. முதலாண்டில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகம் பாடம். மன்னனைக் கொன்று அரியணை ஏறும்படி கணவனைத் தூண்டும் லேடி மேக்பெத்தைப் பற்றி என் குறிப்பேட்டில் பேராசைக்காரி, கணவனைக் கெடுத்தவள் என்பதைத் தாண்டி எதுவும் இருந்ததில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவை படங்கள்தாம்.

முதலில் பார்த்தது அகிரா குரோசவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957). கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஜன்னல்களை மூடிவிட்டுத் திரையிட்டார்கள். ஷேக்ஸ்பியரின் கவிதை வரிகள் எதுவும் அதில் இல்லை. கதை ஜப்பானியப் போர்வீரர்களின் கோட்டைக்குள் நடக்கிறது. லேடி மேக்பெத்தின் இடத்தில் வரும் அசாஜியாக இசுசு யமடா. ஜப்பானிய மரபு நாடகமான ‘நோ’வின் முகமூடியைப் போல அசையாத முகம். காவலர்களுக்குக் கொடுக்க மயக்க மருந்து கலந்த மதுவை எடுத்துவர இருட்டறைக்குள் போகிறாள். இருட்டு அவளை முழுதாக விழுங்கிவிடுகிறது. பட்டு உடை தரையில் உரசும் சரசரப்பு மட்டும் கேட்கிறது. பிறகு ஜாடியை ஏந்திக்கொண்டு அதே இருட்டிலிருந்து வெளியே வருகிறாள். கணவனாக நடித்த டோஷிரோ மிஃபுனேயின் உடம்பில் அம்புகள் தைக்கும் கடைசிக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சரசரப்புதான் விடுதி அறைவரை கூடவே வந்தது.

பின்னால் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. அதன் பிறகுதான் கைகளைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். நாடகத்தில் அவளைப் பார்த்து நடுங்கிய நான், இங்கே அவளுக்காக அழுதேன்.

ரோமன் போலன்ஸ்கியின் படத்தையும் (1971) ஜோயல் கோயனின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் (2021) பார்த்திருக்கிறேன். இரண்டும் நாடகத்தின் வசனத்தை விட்டு விலகாதவை, நல்ல படங்கள். ஆனால் அவளை எனக்கு நெருக்கமாக்கியவை கதையை வேறு மண்ணில் நட்ட படங்களே. விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ (2003) மும்பை நிழலுலகில் நடக்கிறது. தபு நடித்த நிம்மி, தலைவர் அப்பாஜியின் ஆசைநாயகி. அப்பாஜியின் அடியாள் மக்பூலை அவள் காதலிக்கிறாள். அவன் அதிகாரத்துக்கு வரவேண்டும் என்பதைவிட, அந்தக் கிழவரின் படுக்கையிலிருந்து தான் தப்பவேண்டும் என்பதே அவளுக்குப் பெரிது. சாவதற்கு முன்பு, நம் காதலாவது தூய்மையானதுதானே என்று அவனிடம் கேட்கிறாள். மக்பூலாக நடித்த இர்ஃபான் கானின் முகத்தை அந்த இடத்தில் பார்க்கவேண்டும்.

திலீஷ் போத்தனின் ‘ஜோஜி’யை (2021) ஊரடங்கு நாட்களில் அம்மாவோடு பார்த்தேன். ஷேக்ஸ்பியர் என்று நான் சொல்லவில்லை. கேரளத்து ரப்பர் தோட்டத்து வீடு, அதட்டும் அப்பன், அஞ்சும் பிள்ளைகள். மருமகள் பின்சி எதையும் தூண்டுவதில்லை. நடப்பது தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். மாமனாரின் சாவன்று, அவரைக் கொன்ற மகன் ஜோஜியிடம் மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள். அந்த ஒரு பேச்சில் எனக்கு உடம்பு சில்லிட்டது. அம்மா பார்த்தது வேறு: “எப்போது பார்த்தாலும் அடுக்களையிலேயே நிற்கிறாளே. ஒரு தடவையாவது அவளை யாராவது உட்காரச் சொன்னார்களா?”

முப்பது வருடம் கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்தவர் அம்மா. நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் குரோசவாவின் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அசாஜி இருட்டுக்குள் போனதும் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “புதுப் பட்டு” என்றார் மெதுவாக. “கல்யாணமாகி வந்த அன்று, அந்த வீட்டுக் கூடத்தில் எனக்குக் கேட்டது இந்தச் சத்தம் ஒன்றுதான்.”